குறிப்புகள் என்ற நிரல்

ஊர்காவற்றுறை இறங்குதுறையில்
படகுக்காரர் கேட்டார்: "மிஸ், உடையிற சாமானோ?"
ஓம் என்றேன்.
கோழித்தீன் மூட்டையைக் காலால் தள்ளி
இடம் விட்டார்.

அது மாசியில்.
பெட்டிக்குள் ஒரு நுணுக்குக்காட்டி,
பன்னிரண்டு சப்பாத்து வவுச்சர்,
மூன்று பிரதியில் ஒரு படிவம்.
கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளின்
கற்றல் வாய்ப்பு விருத்தித் திட்டம், இரண்டாம் கட்டம்.
(முதலாம் கட்டம் எங்கே போனதென்று
வலயத்தில் ஒருவருக்கும் தெரியாது.)

இப்போது ஆனி.
கண்காணிப்புக்கு வந்திருக்கிறேன்.
எழுவைதீவில் நாற்பத்தொரு பிள்ளைகள்.
படிவத்தில் அவர்களுக்குப் பெயர்
பயனாளிகள்.

வவுச்சர்கள் சப்பாத்தாகிவிட்டன.
ஒன்று பெரிது, முன்னால் கடதாசி அடைத்திருக்கிறது.
நுணுக்குக்காட்டி அலுமாரிக்குள்
பொலித்தீன் உறை கழற்றாமல் நிற்கிறது,
மணவறைக்கு வந்து மாப்பிள்ளை வராத
பொம்பிளை மாதிரி.

தவனேசன் சேர் மேல் பிழை சொல்ல முடியாது.
"உடைஞ்சா என்ரை சம்பளத்திலை பிடிப்பினம், மிஸ்.
விஞ்ஞான ரீச்சர் இடமாற்றம் எடுத்துப் போய்
ஆறு மாசம்."
திறப்பு அவருடைய சேட்டுப் பொக்கற்றுக்குள்,
பேனையோடு.

வாசலில் ஒரு பெட்டை. எட்டாம் தரம். ஜெனிற்றா.
உள்ளே வரச் சொல்லவில்லை, வந்தாள்.
"மிஸ், உதுக்குள்ளாலை உப்புத் தெரியுமோ?
மீன் செதில்? என்ரை பல்லு ஊத்தை?"
சேர் என்னைப் பார்த்தார்:
நாள் முழுக்க இப்பிடித்தான் என்ற பார்வை.

நானும் உயிரியல்தான் படித்தேன்.
வெட்டுப்புள்ளிக்கு மயிரிழையில் தவறி
கோப்புகளுக்குள் விழுந்து பதினொரு வருடம்.
பொருட்பதிவேட்டில் கையெழுத்து வைத்தேன்:
உடைந்தால் நான்.

எந்தத் திருகை எந்தப் பக்கம்,
மறந்து போயிருந்தது.
அவள்தான் திருகித் திருகிக் கண்டுபிடித்தாள்.
செதில் பார்த்தாள். பல்லு ஊத்தை பார்த்தாள்.
பிறகு ஓடிப்போய், வெளியே
நீலத் தாங்கியின் குழாயில்
உள்ளங்கை குழித்து ஏந்தி வந்தாள்.

அந்தத் தாங்கி வேறொரு திட்டம்.
பாதுகாப்பான குடிநீர், பிள்ளைகளின் உரிமை.
கல்வெட்டில் ஆறு பெயர்கள்,
திறந்து வைத்தவர் முதலில்.

கனநேரம் அவள் பேசவில்லை.
பிறகு, மெதுவாக:
"இதுக்குக் கால் இருக்கு."

நாற்பத்தொரு பேரும் வரிசை.
ஒரு பொடியன் பார்த்துவிட்டுத் துப்பினான்.
இன்னொருவனுக்குச் சரியான சந்தோசம்,
தன் வயிற்றுக்குள் மிருகக்காட்சிச்சாலை என்று.
சேர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி
மறுபடியும் பார்த்தார்.
"உதை ஆருக்கும்..." என்று தொடங்கி
வசனத்தை விட்டுவிட்டார்.

இரண்டரைக்குப் படகு.
குறிப்புகள் என்ற நிரல் ஒரு விரல் அகலம்.
வழமையாக அதில் நான் எழுதுவது
திருப்தி.
எழுதினேன்: தாங்கி கழுவப்படல் வேண்டும்.
தோளுக்கு மேலால் வாசித்தவள் சொன்னாள்:
"கழுவினாப் பிறகும் பாக்கவேணும் எண்டு போடுங்கோ.
மாசா மாசம். நான் பாக்கிறன்."
இடம் போதவில்லை.
ஓரத்தில், பிறகு பின்பக்கத்தில் எழுதினேன்.
பயனாளியின் கையெழுத்துக்குக் கோடு இல்லை;
அவளே ஒன்று கீறிப் போட்டாள்.

சேர் அலுமாரியைப் பூட்டினார்.
திறப்பை மேசையில் வைத்தார்.
வைத்தாரா, மறந்தாரா தெரியாது.
நான் கேட்கவில்லை.

"திரும்பக் கொண்டு போக ஒண்டுமில்லையோ?"
படகுக்காரர் கேட்கிறார்.
மடியில் ஒரு சோடாப் போத்தல்.
எந்த அலுவலகத்தில் கொடுப்பது,
கொடுத்தால் வாங்குவார்களா,
கடல் முழுக்க யோசித்து வருகிறேன்.
போத்தலில் ஒட்டிய கொப்பித்தாளில்
திகதி, நேரம், எடுத்தவர் பெயர்,
சிவப்புப் பேனையால் இரண்டு கோடு:
குடிக்க வேண்டாம்.
இது கேள்வி.